மூன்றாவது உயிர்

ஹாலன்பெக் துறை, ஹட்சன் ஆற்றங்கரை
1802 ஏப்ரல் 12

அன்புள்ள தம்பி எவர்ட்,

உன் கப்பல் கரை சேர்ந்ததா, கடல் உன் வயிற்றைப் புரட்டியதா, பாரிஸில் குளிர் எப்படி என்றெல்லாம் ஊரே என்னைத் துளைத்தெடுக்கிறது. உன் மேல் அவ்வளவு பாசம் என்று பூரித்துப் போய்விடாதே. கேட்பவர்களில் பாதிப் பேர் உன் நீராவிப் படகைப் பற்றிக் கிண்டல் பேச ஒரு சாக்குத் தேடுகிறார்கள். மெய்யான கவலையோடு கேட்பவள் ஒருத்திதான். ஓடைத்துறைக் குடியானவன் ஹார்மன் டெக்கரின் மனைவி லிஸ்பெத். ஞாயிறு தவறாமல் தேவாலய வாசலில் என் வழியை மறித்துக்கொள்கிறாள்.

"அம்மா, சின்ன எஜமான்கிட்டேருந்து கடுதாசி வந்துச்சா? இருமல் ஏதும் இல்லியே? கழுத்துக்குக் கம்பளி சுத்திக்கிறாரா?"

என் கணவர் இருந்த காலத்தில் அவர் இருமலுக்கு நானே இவ்வளவு கவலைப்பட்டதில்லை.

"அவனுக்கு ஐம்பது வயசாச்சு லிஸ்பெத். கம்பளி சுத்திக்கத் தெரியும்" என்றேன்.

"ஐம்பதுங்கிறதுதாம்மா பயமா இருக்கு" என்றாள்.

உனக்கு மறந்திருக்கும், அதனால் சொல்கிறேன். அரசியல் சட்டம் எழுதிய குழுவில் உட்கார்ந்தவனுக்குத் தன் பண்ணைக் குத்தகைகள் நினைவிருக்க வேண்டும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? நம் பண்ணையில் எல்லாமே மூன்று உயிர்க் குத்தகை. பத்திரத்தில் மூன்று பேர் பெயரை எழுதுவது வழக்கம். அந்த மூவரில் ஒருவர் மூச்சு விடும் வரை நிலம் குடியானவனுக்கு. கடைசி மூச்சும் நின்றால் நிலம் நமக்குத் திரும்பிவிடும். எல்லாரும் தங்கள் குழந்தைகளின் பெயரைத்தான் எழுதுவார்கள். ஹார்மனின் அப்பா தூனிஸ் மட்டும் தனிக் கணக்குப் போட்டான். முதலில் தன் பெயர், அடுத்து மூத்த மகள் பெயர், மூன்றாவதாக உன் பெயர். அப்போது நீ பால்பல் விழாத பிள்ளை.

"நம்ம வீட்டுப் புள்ளைங்க ஒரு காய்ச்சல்ல போயிடும். பெரிய வீட்டுப் புள்ள நல்லா தின்னும், வைத்தியர் வீடு தேடி வருவாரு. எனக்கு அந்த உசிரே போதும்" என்றானாம். அப்பா வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

தூனிஸ் போய்விட்டான். மகளும் பிரசவத்தில் போய்விட்டாள். இன்று டெக்கர் குடும்பம் உன் உயிரின் மேல்தான் ஏர் ஓட்டிக்கொண்டிருக்கிறது.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, நீ கப்பல் ஏறுவதற்கு முன் படகுக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்ததை நான் படிக்கும் வரை. இனி எந்தக் குத்தகை முடிந்தாலும் அந்த நிலம் கம்பெனியைச் சேரும் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு விட்டுவைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. குத்தகை முடிவதற்கு முன் நீயே உன் கையால் புது உயிரைச் சேர்த்து எழுதித் தரலாம். நீ மட்டும்தான். அதனால் கேட்கிறேன், ஹார்மனின் கைக்குழந்தை நெல்லியின் பெயரைச் சேர்த்து ஒரு தாள் எழுதி அனுப்பு. பண்ணையின் சாவிக்கொத்து முழுக்க என் இடுப்பில் தொங்குகிறது, ஆனால் நான் போடும் கையெழுத்துக்கு ஒரு முட்டை கூடக் கிடைக்காது.

ஆற்றில் ஷாட் மீன் ஏறத் தொடங்கிவிட்டது. உனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

உன் அக்கா
கொர்னீலியா


பாரிஸ்
1802 ஜூன் 20

அருமை அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் தூதுக்குழு நண்பர்களுக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு குடியானவக் குடும்பம் என் நலனுக்காக மன்றாடுகிறது என்பது எனக்குப் பெருமைதான். இங்கே பிரெஞ்சுக்காரர்கள் பறிமுதல் செய்த நம் நாட்டுக் கப்பல்களைப் பற்றிப் பேச நாள் கேட்டு அமைச்சர்களின் கூடத்தில் காத்துக் கிடக்கிறேன். அங்கே நான் இருக்கிறேனா செத்தேனா என்று கேட்க ஒரு நாதியில்லை.

லிஸ்பெத்திடம் சொல், என் உடம்பு கல். பசி நன்றாக இருக்கிறது. தூக்கம் அதைவிட நன்றாக இருக்கிறது.

நெல்லி விஷயத்துக்கு வருகிறேன். கோபப்படாமல் கேள். ஓடைத்துறை எப்படிப்பட்ட இடம் என்று உனக்கே தெரியும். ஆழமான கரை, பின்னால் காடு. நியூயார்க்குக்கும் ஆல்பனிக்கும் நடுவில் படகு நின்று விறகு ஏற்றிக்கொள்ள அதைவிட நல்ல துறை கிடையாது. கம்பெனிக் கூட்டாளிகள் இந்த வேலையில் இறங்கியதே என்றாவது ஒருநாள் அந்தத் துறை கிடைக்கும் என்றுதான். இப்போது நான் ஒரு கைக்குழந்தையின் உயிரைச் சேர்த்தால் இன்னும் இரண்டு தலைமுறைக்கு அந்தக் கரையைத் தொட முடியாது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கினான் என்பார்கள். வேலையை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

சட்டமன்றத்தில் நடந்ததை நீ நேரில் பார்க்கவில்லை அக்கா. ஹட்சனில் நீராவிப் படகு ஓட்டும் உரிமையைக் கேட்டு நான் எழுந்து நின்றபோது, நேற்று மீசை முளைத்த பயல்கள் அதற்கு வெந்நீர் மசோதா என்று பெயர் வைத்தார்கள். சபை கொஞ்சம் அலுத்துப் போனால் போதும், "அந்த வெந்நீரைக் கொண்டாங்கப்பா, குளிரா இருக்கு" என்று ஒருவன் குரல் கொடுப்பான், எல்லாரும் சிரிப்பார்கள். அரசியல் சட்டத்தைப் படித்துக் காட்டியபோது அதே சபை எனக்காக எழுந்து நின்றது. கடைசியில் உரிமையைக் கொடுத்தார்கள், பைத்தியத்துக்குப் பொம்மை கொடுப்பது போல. அதற்கும் ஒரு கெடு வைத்தார்கள். அந்தச் சிரிப்பு என் காதை விட்டுப் போகவில்லை.

படகு ஓடட்டும். ஓடிய மறுவாரமே ஊருக்கு வந்து, கம்பெனிக்கு வேறொரு துறையைக் காட்டிவிட்டு, நெல்லியின் பெயரை என் கையால் எழுதித் தருகிறேன். அதுவரை நான் உயிரோடு இருக்கிறேன், போதாதா? நான் சாகிற உத்தேசத்தில் இல்லை.

அன்புடன்
எவர்ட்


ஹாலன்பெக் துறை
1802 செப்டம்பர் 3

தம்பி,

உன் உத்தேசத்தை ஆண்டவனிடம் சொல்லிவிட்டாயா?

உன் கடிதம் வந்த அன்று லிஸ்பெத்தைக் கூப்பிட்டு, உன் உடம்பு கல் என்ற வரியை மட்டும் படித்துக் காட்டினேன். மற்றதைப் படிக்க எனக்கு வாய் வரவில்லை. அவள் சமையற்கட்டு வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"நெல்லி பேர் போடறதைப் பத்தி ஒண்ணும் எழுதலியாம்மா?"

"வந்து எழுதித் தர்றேங்கிறான்."

"வரும்போதுன்னா கடல்ல வரணுமே" என்றாள். பிறகு மடியிலிருந்து ஒரு ஜாடியை எடுத்து வைத்தாள். வாத்துக் கொழுப்பு. உன் நெஞ்சில் தேய்த்துக்கொள்ள வேண்டுமாம். இரண்டு ஜோடிக் காலுறையும் பின்னியிருக்கிறாள். நீ சிரிப்பாய். சிரித்துவிட்டுப் போட்டுக்கொள்.

ஊரில் உன்னை வைத்து ஒரு விளையாட்டே நடக்கிறது. சாராயக் கடையில் ஹார்மன் கோப்பையைத் தூக்கினால் போதும், நாலு பேர் சேர்ந்து, "மூணாவது உசிருக்கு" என்று கத்துகிறார்கள். "ஹார்மன், ஒன் நிலத்துக்கு பாரிஸ்ல தும்மல் வந்துச்சாமே" என்று ஒருவன் கேட்டானாம். ஹார்மனும் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டானாம்.

உன் கம்பெனி ஏஜெண்டு ஆஸா கிம்பல் போன வாரம் வந்தார். கனெக்டிகட்காரருக்கே உரிய பணிவு. தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "தம்பி சௌக்கியமா இருக்காருங்களா? ஆண்டவன் அவருக்கு நூறு வயசு குடுக்கட்டும்" என்றார். அப்படியே ஓடைத்துறைக்குப் போய், கயிறு பிடித்துக் கரையை அளந்தார். லிஸ்பெத் துவைத்த துணியைப் பிழிந்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள்.

மனிதர்கள் எல்லாரும் சமம் என்று நீ ஆல்பனியில் முழங்கிய நாளில் உன் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்ற டைட்டஸ் இன்றும் நம் வீட்டு அடிமைதான். அதனால் உன் வாக்குறுதிகளின் வேகம் எனக்குத் தெரியும். நான் உன்னைத் திட்டவில்லை. ஒரு தாள், ஒரு கையெழுத்து, கொஞ்சம் அரக்கு, அவ்வளவுதான் கேட்கிறேன்.

கொர்னீலியா


பாரிஸ்
1802 நவம்பர் 15

அக்கா,

படகு ஓடியது.

சேன் நதியில், கரை நிறையக் கூட்டம். எங்கள் இயந்திரக்காரர் கார்வர் கொதிகலனை மூட்டினார். சக்கரம் முதலில் ஒரு கிழட்டு மாடு எழுந்திருப்பது போல முக்கியது. பிறகு சுற்றியது. நீரோட்டத்தை எதிர்த்து, பாயும் இல்லாமல் துடுப்பும் இல்லாமல், இரண்டு பாலங்களைத் தாண்டினோம் அக்கா. பிரெஞ்சுக்காரர்கள் தொப்பிகளை வீசினார்கள். அந்த நேரத்தில் நம் சட்டமன்றப் பயல்கள் இங்கே நிற்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா?

மூன்றாவது பாலத்துக்கு முன்னால் அடிப்பலகை விரிந்துவிட்டது. இயந்திரத்தின் கனம் தாங்கவில்லை. படகு ஒருபக்கமாக இறங்கியது. கரைக்கு அருகில்தான், ஒருவருக்கும் சேதமில்லை. ஆனால் கொதிகலன் ஆற்றோடு போய்விடக் கூடாதே என்று நானும் கயிற்றைப் பிடித்தேன். மார்பளவுத் தண்ணீர். கூலியாட்கள் என்னை மேலே போகச் சொன்னார்கள். எப்படிப் போவது? என் வாழ்நாளில் நான் பிடித்த கயிறு அது ஒன்றுதான் என்று தோன்றியது. இருட்டும் வரை நின்றோம். இயந்திரத்தைக் காப்பாற்றிவிட்டோம்.

கொஞ்சம் சளி. லிஸ்பெத்தின் காலுறைகள் வந்து சேர்ந்தன. போட்டுக்கொண்டிருக்கிறேன். வாத்துக் கொழுப்பை என் செயலாளன் பிரைஸ் முகர்ந்து பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே வைத்துவிட்டான்.

கார்வர் புதுப் படகுக்கு வரைபடம் போடுகிறார், இன்னும் நீளமாக. இந்த நிலையில் கூட்டாளிகளின் மனத்தைக் கலைக்க முடியாது. வசந்தம் வரட்டும்.

எவர்ட்


ஹாலன்பெக் துறை
1803 ஜனவரி 30

எவர்ட்,

மார்பளவுத் தண்ணீரா? நவம்பரிலா? இவ்வளவு பெரிய பண்ணைக்காரன், நீதிபதியாக உட்கார்ந்தவன், ஆற்றில் இறங்கிக் கயிறு இழுத்தாயா?

உன் சளியைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் என் முகத்தை வைத்துக்கொண்டு ஒன்றையும் மறைக்க முடியாது. லிஸ்பெத் வந்தாள், பனிக்குல்லாயைக் கூடக் கழற்றவில்லை.

"எத்தனை நாளா இருமுறாரும்மா?"

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. வறட்டு இருமலா, சளி கட்டின இருமலா?"

என்னவென்று சொல்வேன்? நான் படிக்கும் இருமல் நீ எப்போதோ இருமியது. இந்நேரம் நீ குணமாகி வறுத்த கோழி தின்றுகொண்டிருக்கலாம். இந்நேரம் வேறு எதுவும் ஆகியிருக்கலாம். நடுவில் ஒரு கடல் கிடக்கிறது, அதைத் தாண்டி எட்டிப் பார்க்க எனக்கு ஒரு வழியும் இல்லை. இரவில் படுத்தால், என் தம்பி இருக்கிறானா என்ற கேள்வி வருகிறது. வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். லிஸ்பெத் வீட்டில் குழந்தை முதற்கொண்டு இதே கேள்வியோடுதான் தூங்கப் போகிறது.

கிம்பல் திரும்பவும் வந்தார். சட்டப்படி, கடல் தாண்டியிருக்கும் உயிர் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் உரிமை கம்பெனிக்கு உண்டாம். உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நவம்பர்ல உயிரோட இருந்தாருங்கிறதுக்கு இது நல்ல சாட்சிங்கம்மா" என்றார்.

"அப்போ இப்ப?"

"இப்பன்னா, இனிமே வர்ற கடுதாசிதான் சொல்லணும்" என்று குனிந்து வணங்கிவிட்டுப் போனார். ஆள் பொல்லாதவர் இல்லை. பொல்லாதவராக இருந்தால் திட்டவாவது செய்திருப்பேன்.

வசந்தம் வரட்டும் என்று எழுதியிருக்கிறாய். வசந்தம் பாட்டுக்கு வரும். நீ இப்போதே எழுது.

அக்கா


பாரிஸ்
1803 ஏப்ரல் 8

அக்கா,

உன் கடிதம் தலைமாட்டில் இருக்கிறது. நீண்ட கடிதம் எழுதத் தெம்பில்லை.

வைத்தியர் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் ரத்தம் எடுக்கிறார். மற்றவர் ரத்தம் எடுத்தது தவறு என்கிறார். தூனிஸ் கிழவன் கணக்குப் போட்டபடி வைத்தியர்கள் வீடு தேடித்தான் வருகிறார்கள்.

பொய் சொல்ல அலுப்பாக இருக்கிறது, அதனால் உண்மையைச் சொல்கிறேன். கூட்டாளிகளுக்குப் பயந்து நான் எழுதாமல் இருக்கவில்லை. அது முதலில் இருந்தது, இப்போது இல்லை. பிரைஸ் அந்தத் தாளை எழுதித் தயாராக மேசையில் வைத்திருக்கிறான். மை இருக்கிறது, அரக்கு இருக்கிறது. பேனாவை எடுக்கிறேன். என் பெயருக்குக் கீழே வேறு ஓர் உயிரை எழுதுகிறேன் என்றால், என் உயிரை இனி நம்புவதற்கில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். பேனாவை வைத்துவிடுகிறேன். எத்தனையோ பேருடைய உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். தயங்கியவர்களைப் பார்த்து மனத்துக்குள் சிரித்திருக்கிறேன்.

புதுப் படகின் வரைபடத்தைக் கார்வர் சுவரில் ஒட்டியிருக்கிறார், நான் படுத்தபடியே பார்க்க. அழகாக இருக்கிறது. அது நம் துறையைத் தாண்டிப் போகும்போது நீ மாடியில் நின்று பார்ப்பாய். நானும் பார்க்க வேண்டும் அக்கா. வேறொன்றும் எனக்கு வேண்டியதில்லை.

நாளைக்குப் போட்டுவிடுகிறேன்.

எ.


பாரிஸ்
1803 மே 14

அக்கா,

இதைப் பிரைஸ் எழுதுகிறான், நான் சொல்லச் சொல்ல. அவன் சில இடங்களில் நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அதையும் எழுது என்றேன், எழுதமாட்டேன் என்கிறான்.

போட்டுவிட்டேன். நெல்லியின் பெயரில். இத்துடன் வருகிறது. கையெழுத்துக் கோணலாக இருக்கும், ஆனாலும் என்னுடையதுதான், சாட்சிகள் இருவர் இருக்கிறார்கள். லிஸ்பெத்தின் கையில் உடனே கொடுத்துவிடு. கிம்பலிடமும் காட்டு.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் மறுபடியும் போர் மூளும் என்கிறார்கள். துறைமுகத்தில் கப்பல்களைப் பிடித்து நிறுத்துகிறார்களாம். நம் நாட்டுக் கப்பல் ஒன்று புறப்படத் தயாராக நிற்கிறது. பிரைஸ் இன்றே குதிரையில் ஆள் அனுப்புகிறான். எப்படியும் போய்விடும்.

முன்பே செய்திருக்கலாம். உனக்கு அது தெரியும், எனக்கும் தெரியும்.

ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். கீழே ஆற்றில் யாரோ துணி துவைக்கிறார்கள்.

(அவருக்காக) பிரைஸ்


ஹாலன்பெக் துறை
1803 ஜூலை 6

அன்புத் தம்பி,

உன் ஏப்ரல் கடிதம் நேற்றுத்தான் வந்தது. போரினால் கப்பல்கள் சுற்றிக்கொண்டு வருகின்றனவாம். படித்துவிட்டு வேலைக்காரர்கள் எல்லாரையும் வயலுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்தேன்.

நான் உன்னை மிகவும் விரட்டிவிட்டேன். பத்திரம், கையெழுத்து, கிம்பல் என்று ஒவ்வொரு கடிதத்திலும் உன் தலையில் குட்டிக்கொண்டே இருந்தேன். நீ பேனாவை எடுத்து எடுத்துக் கீழே வைத்தாய் என்று படித்ததும் எனக்குத் தாங்கவில்லை. கையெழுத்துப் போடாதே. ஓடைத்துறை எக்கேடும் கெடட்டும். நீ பிழைத்தால் அதுவும் பிழைத்துவிடும், அது போதும். கோடை வந்துவிட்டது, சளி தானாக விட்டுவிடும். வைத்தியர்கள் இருவரையும் துரத்து. கோழிச் சாறு குடி. கப்பல் கிடைத்ததும் ஏறி வந்துவிடு.

நீ அனுப்பிய ஸ்பெயின் ஆடுகள் குட்டி போட்டிருக்கின்றன. கம்பளி கையில் நிற்காமல் வழுக்குகிறது. ஆல்பனியிலிருந்து அதைப் பார்க்கவென்றே ஆட்கள் வருகிறார்கள். உன்னைக் கிண்டல் செய்த ஓர் உறுப்பினரும் வந்தார். "ஆட்டுல ஜெயிச்சுட்டாரு, படகுலேயும் ஜெயிப்பாரு போல" என்றார். உனக்குச் சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.

லிஸ்பெத்திடம் நீ தேறி வருகிறாய் என்று சொல்லிவிட்டேன். அவள் "சரிம்மா" என்றாள்.

நீ வருவாய் என்று உன் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். பதில் போடு. இரண்டு வரி போதும்.

உன் அக்கா


ஹாலன்பெக் துறை
1803 செப்டம்பர் 27

எவர்ட்,

உனக்கு எழுத வேண்டியிருக்கிறது. எழுதாவிட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். தபால்காரர் பெட்டிஸ், "இந்த மாசம் தம்பிக்குக் கடுதாசி இல்லீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டார். அவர் மாலையில் கிம்பலோடு உட்கார்ந்து குடிப்பவர். போன முறை வெற்றுத் தாளை மடித்து, அரக்கு வைத்து, உன் பெயரை எழுதிக் கொடுத்தனுப்பினேன். இந்த முறை வெற்றுத் தாளாக அனுப்ப மனம் வரவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஒரே பையில் எல்லாம் வந்தன. நீ சொல்லப் பிரைஸ் எழுதிய கடிதம், நெல்லியின் பெயர் எழுதிய பத்திரம், கறுப்பு அரக்கு வைத்த பிரைஸின் கடிதம். கப்பலைத் துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்களாம். நீ பத்திரத்தை அனுப்பிய ஆளுக்குப் பின்னாலேயே நீ போய்விட்ட சேதியோடு இன்னோர் ஆளும் போய், இரண்டும் ஒரே கப்பலில் ஏறிவிட்டன. கறுப்பு அரக்கைத்தான் முதலில் பார்த்தேன். அப்போது லிஸ்பெத் முட்டைக் கூடையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

ஹட்சன் ஊருக்குப் போய், வேறு யாருக்கோ நடந்தது போல ஒரு வக்கீலிடம் கேட்டேன். கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போது குடியானவன் கையில் போய்ச் சேராத பத்திரம் வெறும் காகிதம் என்றார். கோணல் கையெழுத்தை அவரிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் அங்கேயே உடைந்து போயிருப்பேன். எழுந்திருக்கும்போது அவரே ஒன்று சொன்னார். உயிர் போனது தெரியாமல் குடியானவன் விதைத்துவிட்டால் அந்த ஒரு விளைச்சலை அறுத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் கொடுக்கும். தெரிந்துகொண்டு விதைத்தால் வைக்கோல் கூட அவனுக்கு இல்லை.

குளிர்காலக் கோதுமை விதைக்க அப்போதுதான் உழத் தொடங்கியிருந்தார்கள்.

அதனால் நீ உயிரோடு இருக்கிறாய் தம்பி. இந்த ஒரு மாதமாக உன்னை நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். கறுப்பு உடுத்தவில்லை. அம்மாவின் சிவப்புச் சால்வையைப் போட்டுக்கொண்டு தேவாலயத்துக்குப் போகிறேன். கிம்பல் கேட்டார், "போர்னால கப்பல் இல்லை" என்றேன். போதகர் பயணத்தில் இருப்பவர்களுக்காக மன்றாடச் சொன்னார், உனக்காக மற்றவர்களோடு சேர்ந்து மன்றாடினேன். ஆடு பார்க்க வந்த ஒருவர் உன் பழைய பேச்சு ஒன்றைச் சொல்லிச் சிரிக்க வைத்தார், சிரித்தேன். வீட்டில் ஒரு மூலை கூட எனக்குக் கிடைக்கவில்லை. சமையற்காரி வந்துவிடுவாள், டைட்டஸ் விறகோடு வந்துவிடுவான். அழுத கண்ணை எல்லாரும் கண்டுபிடிப்பார்கள். உன்னைத் தொட்டிலில் ஆட்டியவள் நான். நீ போனதற்கு ஒரு சொட்டு விட எனக்கு வழியில்லை.

எல்லாம் ஒரே ஒரு விளைச்சலுக்காக. அதை அறுத்த பிறகு அவர்கள் போகத்தான் வேண்டும். கிம்பல் அந்தக் காட்டை வெட்டுவார், உன் படகு அங்கே நிற்கும். நியூயார்க் பத்திரிகைகளில் உன் மரணச் செய்தி இந்த வாரமோ அடுத்த வாரமோ வந்துவிடும். உனக்குப் பெரிய கட்டுரையாக எழுதுவார்கள்.

நேற்று மாலை லிஸ்பெத் வந்தாள். கையெல்லாம் மண். வழக்கம் போல வாசலில் நிற்காமல் உள்ளே வந்து, சமையற்கட்டுக் கதவைச் சாத்தினாள். அடுப்பில் முட்டைக்கோஸ் கொதித்துக்கொண்டிருந்தது, வேறு யாரும் இல்லை.

"எஜமான் எப்படிம்மா இருக்காரு?" என்று கேட்கவில்லை.

"விதைச்சு முடிச்சாச்சும்மா" என்றாள். "ஓடைக்கரை வரைக்கும் போட்டாச்சு. ஹார்மனும் புள்ளைங்களும் ராவும் பகலுமா நின்னாங்க."

"எதுக்கு அவ்வளவு அவசரம்?" என்றேன்.

"அன்னிக்கு அந்தப் பை வந்தப்ப, நீங்க எனக்கு நாற்காலி போட்டீங்கம்மா" என்றாள். "இந்த வீட்டுக்கு நான் இத்தனை வருஷமா வர்றேன். ஒருநாளும் போட்டதில்ல."

எனக்கு அது நினைவே இல்லை எவர்ட். போட்டிருக்கிறேன்.

"ஹார்மன்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல. நீங்களும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. யாரு கேட்டாலும் அதுதான்" என்றாள். பிறகு என் தோளிலிருந்து சால்வையை எடுத்து, மண் படாமல் மடித்து மேசை மேல் வைத்தாள்.

"இனிமே நீங்க அழலாம்மா" என்றாள்.

கொர்னீலியா